மோந்து பார்த்துக் குடித்த கோப்பி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீடு கெட்டுப்போகத் தொடங்கியது. நேரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. துறைமுகத்து மணிக்கூண்டு மூன்று அடித்து ஓய்ந்தபோதுதான் படக்கொட்டகைக்காரர் கதவுகளின் கறுப்புத் துணியை இழுத்துவிட்டார். உள்ளே இருட்டியது. என் ஒரு கையை அக்கா பிடித்திருந்தாள். இன்னொரு கையில் வறுத்த கடலைப் பொட்டலம் சூடாக இருந்தது. அந்தப் பக்கம் அத்தை, அப்பாவின் அக்கா, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் அவள் எடுத்ததுதான்.

என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கொட்டகை நினைவிருக்கும். தகரக் கூரை, மூட்டைப்பூச்சி வாழும் பெஞ்சுகள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே தொங்கிய படுதா. மழை பிடித்துக்கொண்டால் ஆர்மோனியச் சத்தம் கேட்காது. படங்கள் பேசாத காலம் அது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நீளமான கம்போடு நின்றுகொண்டு, வெள்ளைக்காரர்கள் வாயசைப்பதற்கெல்லாம் தமிழில் கதை சொல்லுவார். அவர் சொல்லும் கதைக்காகவே கூட்டம் வந்தது. நீங்கள் ரசித்தீர்கள், நானும் ரசித்தேன். இன்று அந்த மனிதர் என் முன்னால் வந்து நின்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைய படத்தில் ஒரு பெரிய மாளிகை. பிள்ளையில்லாத துரையும் துரைசானியும் அநாதைச் சிறுமி ஒருத்தியை எடுத்து வளர்க்கிறார்கள். பூப்போட்ட கவுன், சுருள் முடி, எந்நேரமும் புன்னகை. கதவின் சாவித் துவாரத்தில் அவள் கண் தெரியும்போதெல்லாம் தபலாக்காரர் தட்டுவதை நிறுத்திவிடுவார். பிறகு ஒரு சின்னப் புட்டி வருகிறது. அதிலிருந்து பால் தம்ளருக்குள் சொட்டுகிறது. துரை மாடிப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். சிறுமி படியின் மேலே நின்று அதே புன்னகையோடு பார்க்கிறாள்.

கதை சொல்பவர் அந்த இடத்தில் கம்பால் தரையைத் தட்டிவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பினார்.

"தாய்மாரே, பார்த்துக்கிட்டீங்களா? தவிட்டுக்கு வாங்கின பிள்ளை செய்யிற வேலைய. நம்ம ஊர்லயும் எடுத்து வளர்க்கிறவங்க இருக்கீங்கல்ல. நாளையிலேர்ந்து பால மோந்து பார்த்துட்டுக் குடிங்க."

கொட்டகையே சிரித்தது. திரையின் வெளிச்சத்தில் பல தலைகள் எங்கள் பெஞ்சை நோக்கித் திரும்பின. பாவாடை தாவணி, எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, கனகாம்பரம், நெற்றியில் சாந்துப் பொட்டு. அத்தனைக்கும் நடுவே சீனத்து முகம். பெண்கள் பக்கத்தில் அப்படி இருந்தவள் என் அக்கா ஒருத்திதான்.

அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. படத்தில் மூழ்கிப்போயிருந்தாள். கடைசியில் அந்தச் சிறுமி மலை விளிம்பிலிருந்து கடலுக்குள் விழுந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். வீடு வரும் வழியெல்லாம், சாக்கடைகளைத் தாண்டும்போது என்னைத் தூக்கித் தூக்கி விட்டபடி, அவள் ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"ஏன் அத்தை அவ அப்படிச் செஞ்சா? சோறு போட்டவங்களுக்குப் போய் யாராச்சும் செய்வாங்களா?"

அத்தை அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

இதை இப்போது எழுத வைத்தவள் என் மகள். போன மாதம் தோழிகளோடு படம் பார்க்கப் போனாள். வந்தவள் சாப்பிட உட்கார்ந்ததும் கதையைச் சொன்னாள். மாளிகை இல்லை, அடுக்கு வீடு. தம்ளருக்குப் பதில் ஊசி. மற்றதெல்லாம் அதேதான். எடுத்து வளர்த்த பிள்ளை சிரிக்கிறது, வீட்டில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

"பேய்ப் படத்தவிட இதுதாம்மா பயம்," என்றாள்.

"உன் பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தா?" என்று கேட்டேன். ஒரு பெயரைச் சொன்னாள். எங்கள் தெருக்கோடி வீட்டில் எடுத்து வளர்க்கப்படும் பெண் அவள். "படம் முடிஞ்சதும் அவ முகத்தப் பார்த்தியா?" என்றேன். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. என் தட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

பெற்ற மகனே சொத்துக்காக அப்பனை நடுத்தெருவில் அடித்ததை இந்தப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் நானே பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை வைத்து, பெற்ற பிள்ளையிடம் ஜாக்கிரதை என்று யாரும் படம் எடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் படம் பேசக் கற்றுக்கொண்டது, பாடக் கற்றுக்கொண்டது, நிறமும் பூசிக்கொண்டது. எடுத்து வளர்த்த பிள்ளையின் கையில் கொடுத்த அந்தப் புட்டியை மட்டும் திருப்பி வாங்கவில்லை.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் பிள்ளை இல்லை. அந்தக் காலத்துப் பினாங்கில் அதற்கு ஒரு வழி இருந்தது. ஆயர் ஈத்தாமில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனர் குடும்பங்களில், பிறந்த நேரம் அப்பனுக்கு ஆகாது என்று அவர்களுடைய சோதிடர் சொல்லிவிட்டால், பெண் குழந்தையை நம்மவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். வேறு சாமி கும்பிடும் வீட்டில் வளர்ந்தால் தோஷம் வழி தெரியாமல் நின்றுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிள்ளையில்லாத வீட்டில் ஒரு பிள்ளை தவழ்ந்தால் அந்த வீட்டுக்காரிக்கு வயிறு திறக்கும் என்பது நம்முடைய நம்பிக்கை. இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் துணியில் சுற்றிய ஒரு குழந்தை கைமாறும்.

சும்மா வாங்கிய பிள்ளை தங்காது, தவிட்டுக்கு வாங்கினால்தான் எமன் அதை மதித்து எட்டிப் பார்க்க மாட்டான் என்று அம்மா ஒரு கூடை தவிட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்குப் போனாளாம். அந்தச் சீனருக்குத் தவிடு எதற்கென்று விளங்கவில்லை. குழந்தையைக் கொடுத்துவிட்டு, தவிட்டைப் பன்றித் தொட்டியில் கொட்டினாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுவதற்குச் சொல்வார்களே, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று, அதை எங்கள் வாசலில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல முடியாது. அப்படிச் சொன்ன ஒரு பால்காரரை அம்மா அன்றோடு நிறுத்திவிட்டாள்.

அக்கா வந்து சில வருடம் கழித்து நான் பிறந்தேன். எனக்குப் பிறகு தம்பி. "மூத்தவ கால் பட்டுத்தான் இந்த ரெண்டும்" என்று சொன்னவர்கள் இதே அத்தையும் தெருப் பெண்களும்தான். அதை மறந்துவிடாதீர்கள். அவள் வந்ததால் வீட்டுக்கு நல்லது நடந்தது என்று நம்பிய அதே வாய்கள்தான்.

அந்த வருடம் அக்காவுக்குப் பதினைந்து வயது இருக்கும். எனக்கு ஒன்பது. தம்பி அப்போதுதான் நடை பழகி, தானாக எழுந்து நின்றுவிட்டுத் தானே கைதட்டிக்கொள்ளும் பருவம். அவனுக்குச் சோறு ஊட்டுவதும், நகம் வெட்டுவதும், பாலாடையில் பால் புகட்டுவதும் அக்கா. அந்தப் பாலாடை வெள்ளியில் செய்தது, மூக்கு கொஞ்சம் நசுங்கியிருக்கும். அது பிற்பாடு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அத்தை தாசேக் கெலுகோர் தோட்டத்தில் வாழ்ந்தவள். கணவர் இறந்தபின், தம்பி பிறந்த சமயம், பிரசவம் பார்க்க வந்து எங்களோடு தங்கிவிட்டாள். தாயில்லாத அப்பாவை வளர்த்துப் படிக்க வைத்தவள் அவள். அப்பா துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ தெருவில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, எழுத்தர் வேலை. ஆங்கிலப் பத்திரிகை படிப்பார். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அந்த மனிதர் அத்தை எதிரில் உட்கார்ந்துகூடப் பேச மாட்டார்.

படம் பார்த்த அன்று சாயங்காலம் அத்தை கதை முழுவதையும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா பத்திரிகையை மடக்காமலே, "அது வெறும் படம். கதை எழுதி, ஆள வச்சு எடுக்கிறது," என்றார்.

"நடக்காததையா எழுதுவாங்க?" என்றாள் அத்தை.

அப்பா பத்திரிகையில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மறுநாளிலிருந்து அத்தை அடுப்படியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அக்கா மிளகாய் அரைத்தால் பார்வை அம்மிமேல். பால் காய்ச்சினால் பார்வை பானைமேல். விடியற்காலையில் பின்வாசலில் கீரை விற்க வரும் சீனக் கிழவியிடம் அக்கா ஹொக்கியனில் இரண்டு வார்த்தை பேரம் பேசுவாள். இந்த ஊரில் ஹொக்கியனில் பேரம் பேசத் தெரியாதவர் யார்? அத்தையும் பேசுவாள். ஆனால் அக்கா பேசியது திடீரென்று ரகசியமாகிவிட்டது.

"கெழவிகிட்ட என்ன சொன்ன?"

"கீரை வாடியிருக்குன்னு சொன்னேன் அத்தை."

"அதுக்கு ஏன் சிரிச்சா?"

"நீ மட்டும் வாடலையான்னு என்னக் கேட்டாங்க."

அத்தை அதை அப்பாவிடம் வேறு மாதிரி சொன்னாள். தெருப் பெண்கள் குழாயடியில் அக்காவைப் பார்த்ததும், "ஏண்டி, என் குடத்துப் பக்கம் வராதலா," என்று சொல்லிச் சிரித்தார்கள். கேலிதான். அக்காவும் முதலில் சிரித்தாள்.

பிறகு அப்பா. அந்த வாரத்தில் ஒரு நாள் காலை. அக்கா வழக்கம்போலப் பித்தளை தம்ளரில் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா வாங்கி, உதட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு கணம் மூக்கருகே நிறுத்தினார். மோந்து பார்த்தார். பிறகு குடித்தார். அவ்வளவுதான். ஆங்கிலம் படித்த மனிதர், படம் வெறும் படம் என்று சொன்ன மனிதர், தன்னை அப்பா என்று அழைத்த முதல் பிள்ளை கொடுத்த கோப்பியை மோந்து பார்த்தார்.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள். ஆனால் அவள் புரிந்துகொண்டது வேறு. கோப்பியில் ஏதோ வாடை வருகிறது என்று நினைத்துவிட்டாள். அன்று மத்தியானம் முழுவதும் புளியும் சாம்பலும் போட்டு அந்தத் தம்ளரைத் தேய்த்தாள். பாத்திரத்தை வெயிலில் கவிழ்த்து வைத்தாள். கொட்டையைப் புதிதாக வறுத்தாள். மறுநாள் அப்பா மறுபடியும் மோந்து பார்த்தார். அவள் மறுபடியும் தேய்த்தாள். புளியில் ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. எத்தனை நாள் கழித்து அவளுக்கு விளங்கியது என்று தெரியாது. ஒரு காலையில் கோப்பியைப் போட்டுவிட்டு, "நீ கொண்டுபோய்க் குடு," என்று தம்ளரை என்னிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் கையால் அப்பாவுக்கு எதையும் கொடுக்கவில்லை.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மாவை அத்தையின் கட்சிக்கு இழுக்க முடியவில்லை. அதனால் அத்தை வேறு வழி கண்டாள். "நீயே வந்து உன் கண்ணால ஒரு தடவ அந்தப் படத்தப் பாரு. பார்த்துட்டுப் பேசு," என்று நச்சரிக்கத் தொடங்கினாள். கொட்டகையில் கூட்டம் குறையாததால் அந்தப் படமே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நச்சரிப்பு தாங்காமல் அம்மா ஒருநாள் மத்தியானம் ஒத்துக்கொண்டாள்.

தம்பியைக் கொட்டகைப் புழுக்கத்துக்குக் கொண்டுபோக முடியாது. அக்காவிடம் விட்டுப் போக அத்தைக்கு மனமில்லை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? உரைகல்லை எடுத்தாள்.

உங்கள் வீடுகளிலும் அந்தக் கல் இருந்திருக்கும். வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய் எல்லாம் கல்லில் இழைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உரை மருந்து. பிள்ளை தூங்க வேண்டுமென்றால் ஜாதிக்காயைப் பாலில் நனைத்து லேசாக ஓரிரு இழுப்பு இழைப்பார்கள். ஊரிலிருந்து வந்த பழைய காய்க்குச் சொன்ன பக்குவம் அது. எங்கள் வீட்டில் இருந்தது பாலிக் புலாவ் தோட்டத்துப் புதுக் காய். ஓட்டை உடைத்தால் எண்ணெய் கசியும். வாசனை கூடத்துக்கே வந்துவிடும். அத்தை அதைக் கல்லில் வைத்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் திரும்பி வரும்வரை பிள்ளை முழிக்கக் கூடாது, முழித்தால் இவள் ஏதாவது கொடுத்துவிடுவாள் என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள். குழம்பாக இருந்த அதைப் பாலாடையில் வழித்துத் தம்பி வாயில் ஊற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா வீட்டிலும் செய்வதுதானே.

போகும்போது அக்காவிடம், "நீ பிள்ளைய தொடக் கூடாது," என்றாள். என்னிடம், "நீ இவளப் பார்த்துக்க," என்றாள்.

தம்பி தூங்கினான். அக்கா கூடத்தின் மறுபக்கத்தில், தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் தம்பி விழித்தான். அழவில்லை. கன்னம் இரண்டும் செக்கச் சிவந்து, உதடு உலர்ந்து, கண்கள் எங்கேயோ பார்த்தன. விரல்கள் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன. பிறகு வாந்தி எடுத்தான். அக்கா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் ஓடிவந்து அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். துடைத்தாள், தலையைத் தடவினாள், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். "குதிரை ஓடுற மாதிரி அடிக்குதுடி," என்றாள். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட என்னை ஓடச் சொன்னாள். அவர் வீட்டில் இல்லை. நான் திரும்பி வந்தபோது அவள் தம்ளரில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக அவன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. அம்மாவும் அத்தையும் இறங்கினார்கள். கொட்டகையில் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்த காட்சி அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. மடியில் கண் சொருகிய பிள்ளை. எடுத்து வளர்த்தவள் கையில் தம்ளர்.

அத்தை கத்தவில்லை. அம்மா பக்கம் திரும்பி, "பார்த்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரை அழைத்துக்கொண்டு அப்பா வந்தார். டாக்டர் யூரேசியர், தமிழ் தெரியாது. பிள்ளை என்ன சாப்பிட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டார். "அவதான் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தா, நாங்க வரும்போது," என்றாள் அத்தை. அப்பா அதை மொழிபெயர்த்தார்.

"அத்தை ஜாதிக்காய் உரைச்சுக் குடுத்தாங்க. நிறைய," என்று நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"உரை மருந்து எல்லா வீட்டுலயும் குடுக்கிறதுதான். நீ உள்ள போ," என்றார் அப்பா. அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

வயிற்றுக்குள் வேண்டாதது ஏதோ போயிருக்கிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டாக்டர் மருந்து கொடுத்துவிட்டுப் போனார். வேண்டாதது என்ற சொல் எங்கள் வீட்டுச் சுவர்களில் மோதி மோதி, இருட்டுவதற்குள் விஷம் என்று ஆகிவிட்டது. மறுநாள் மத்தியானம் தம்பி எழுந்து நின்று கைதட்டினான். அதைப் பார்த்து அத்தை கண்ணீர் விட்டாள். "சாமி காப்பாத்திடுச்சு. அடுத்த தடவையும் காப்பாத்துமா, ஏப்பா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா அக்காவைக் கூப்பிட்டது அன்று சாயங்காலம். அவள் தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்ச நாள் ஆயர் ஈத்தாம்ல போய் இருந்துட்டு வாம்மா."

"நான் என்னப்பா செஞ்சேன்?"

"யாரு என்ன சொன்னா? யாரும் ஒண்ணும் சொல்லல. உன்னப் பெத்தவங்கதானே."

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதேப்பா. அங்க போய் நான் என்ன பேசுறது?"

"பாசார்ல பேசுறீல்ல. அதப் பேசு."

"பாசார்ல நான் மீன் என்ன விலைன்னு கேப்பேன். கீரை வாடியிருக்குன்னு சொல்லுவேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

அப்பா, மனு எழுதுகிறவர், ஊருக்கே நியாயம் எழுதிக் கொடுப்பவர், ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் முன்னால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மா அக்காவுக்குத் தலைக்கு ஊற்றிச் சடை பின்னிவிட்டாள். அக்காவின் முடி முரட்டு முடி, சடையில் அடங்காது. அன்று அம்மா அதை அப்படி இறுக்கிப் பின்னினாள், அக்காவுக்குக் கண்ணோரம் இழுத்தது.  அப்பா அவளை ஆயர் ஈத்தாம் டிராமில் ஏற்றிக்கொண்டு போனார். இருட்டுவதற்கு முன்பே தனியாகத் திரும்பி வந்தார்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எழுதுவதற்கு அதிகமில்லை. தம்பி பின்வாசலைக் காட்டிக் காட்டி அழுதான். அத்தை ஊட்டினால் துப்பினான். "ரெண்டு நாள்ல மறந்துடும், பிள்ளைதானே," என்றாள் அத்தை. கொட்டகையில் வேறு படம் மாற்றினார்கள். அது சிரிப்புப் படமாம், தெருவே போய்ச் சிரித்துவிட்டு வந்தது. அப்பா கோப்பியை மோந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். அம்மா சமைத்தாள், துவைத்தாள், விளக்கேற்றினாள். அக்காவின் தாவணி ஒன்று கொடியில் காய்ந்து முறுகிக் கிடந்தது. அதை எடுத்து மடிக்கவும் இல்லை, அங்கே விட்டு வைக்கவும் அவளால் முடியவில்லை. தினமும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

நான் பெரியவளாகி, என் முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசி போட ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த ஒருநாள், ஓர் இளம் தாய் அழுதுகொண்டு உள்ளே ஓடிவந்தாள். அவள் தோளில் கிடந்த குழந்தைக்கு அதே செக்கச் சிவந்த கன்னம், அதே உலர்ந்த உதடு, காற்றைப் பிடிக்கும் அதே விரல்கள். எழுந்து நின்றுவிட்டேன். ஜாதிக்காயா, எவ்வளவு கொடுத்தாய் என்று டாக்டர் அவளைத் திட்டியது வராந்தா முழுக்கக் கேட்டது. அளவு மிஞ்சினால் அது விஷம் என்று அவர் சொன்னார். 

அப்போது அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. யாரிடம் போய்க் கத்துவது? நேராக அம்மாவிடம் போனேன்.

"தெரியும்," என்றாள் அம்மா.

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. உரைகல்லக் கழுவ எடுத்தேன். காயில பாதியக் காணோம்."

"பின்ன ஏம்மா வாயத் திறக்கல?"

"உங்க அப்பா முன்னால உங்க அத்தைய எப்படிச் சொல்றது? அவங்க இல்லாட்டி அவருக்குப் படிப்பே இல்லலா."

"அக்காவ அனுப்புறது மட்டும் லேசா இருந்துச்சா?"

"கொஞ்ச நாள் கழிச்சுக் கூட்டிக்கலாம்னு நெனச்சேன்."

"எப்போ கூட்டியிருப்ப?"

அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். நான் அவளிடம் அதற்குப் பிறகு வெகுநாள் பேசவில்லை. அத்தை பயந்தவள், படித்தறியாதவள். அப்பா கோழை. அவர்களையாவது ஏதோ ஒரு கணக்கில் வைத்துவிடலாம். தெரிந்தும் சடை பின்னிவிட்டவளை எந்தக் கணக்கில் வைப்பது?

அக்கா திரும்பி வந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்துதான் கல்யாணமாகிப் போனாள். யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அவளும் அதற்குப் பிறகு காரணம் கேட்டதில்லை. நான் உண்மையைச் சொன்னபோதுகூட, "பிள்ளைக்குச் சரியாயிடுச்சுல்ல, விடு," என்றாள். ஆனால் இன்றுவரை, என் வீட்டுக்கு வந்தால், என் சின்னப் பிள்ளைகளுக்குத் தன் கையால் எதையும் ஊட்ட மாட்டாள். சோற்றைப் பிசைந்து, உருட்டி, தட்டை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். அந்தப் படத்தை எடுத்தவர்களையும், கம்பைத் தட்டிக் கதை சொன்னவரையும், கைதட்டிய கூட்டத்தையும் அழைத்துவந்து அவளுக்கு எதிரில் உட்கார வைத்து அந்தத் தட்டைக் காட்ட வேண்டும் போலிருக்கிறது.

அவளாகத் திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் யாரும் போய் அழைக்கவில்லை. ஒரு மழைநாள் காலையில், அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், வாசலில் ஒரு சீனப் பெண் வந்து நின்றாள். கறுப்புக் கால்சட்டை, ஓலைத் தொப்பி, முழங்கால் வரை தோட்டத்துச் சேறு. டிராமுக்குக் காசில்லாமலோ, ஏற்ற மாட்டேன் என்று சொன்னதாலோ, ஆயர் ஈத்தாமிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கு வயதானால் அந்த முகம்தான்.

அத்தை முன்னால் போய், "இங்க என்ன?" என்று மலாயில் கேட்டாள். அந்தப் பெண் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். எல்லோருக்கும் புரியும் பாசார் மலாயில் பேசினாள்.

"அந்தப் பொண்ணோட அம்மா யாரு?"

பெற்றவள் எங்கள் வாசலில் நின்று அப்படிக் கேட்டாள். அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்து குடுத்தோம். கஞ்சி குடுத்தோம், வேண்டாங்குது. ராப்பகலா ஏதோ ஒண்ணு கேக்குது. உங்க பாஷையில கேக்குது, எங்க வீட்டுல யாருக்கும் புரியல. புரிஞ்சா குடுத்துடுவோம், எங்ககிட்ட இருந்தா. அதுக்குத்தான் வந்தேன். மறந்துடக் கூடாதுன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, அர்த்தம் தெரியாத அந்தச் சத்தங்களை ஒவ்வொன்றாக, உடைந்துவிடுமோ என்பது போல எடுத்து வைத்தாள்.

"தம்பி... சாப்... டானா. தம்பி... சாப்... டானா."

பிறகு கண்ணைத் திறந்து அம்மாவிடம் கேட்டாள்.

"அது என்ன கேக்குது?"